சிவகாமியை வாதாபியிலேயே விட்டுவிட்டீர்களே

நம் மன்றத்தின் நூலகக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் நூலகத்தை ஒழுங்குபடுத்திய கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செய்தவர்கள் நீங்கள்தான். சரித்திர நாவல்கள் சாக்குச் சாக்காக 'ஹளே பேப்பர்' (பழைய பேப்பர்) வண்டியில் ஏறியதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். அந்த அலமாரியில் இப்போது போட்டித் தேர்வுக் கையேடுகள் நிற்கின்றன. நிற்கட்டும், பிள்ளைகள் படிக்கட்டும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாலாம் பாகம்.

என் மாமியாருக்கு 82 வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே அவர் கேட்டது இந்தப் புத்தகத்தைத்தான். முதல் பாகத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். சாப்பாடு ஆனதும் பால்கனியில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்துவிடுவார். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம், கண் ஒத்துழைத்தால் மூன்று. பரஞ்சோதி மதயானை மீது வேலை எறிந்த இடத்தில் என்னை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். காஞ்சி முற்றுகை ஒரு மாதம் நடந்தது, எங்கள் வீட்டில். அப்புறம் மூன்றாம் பாகம். அதை மூடும்போது சிவகாமி பகை மன்னன் புலிகேசியின் வாதாபியில் சிறைப்பட்டு இருக்கிறாள். அழைத்துப்போக வந்த பல்லவர் மாமல்லரோடும் வரமாட்டேன், வாதாபி எரிந்த பிறகுதான் வருவேன் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் நாலாம் பாகம் கேட்டு வந்தேன். அந்த இடத்தில் ஒரு கணக்கு வினா-விடைப் புத்தகம் இருந்தது.

இப்போது தினமும் மதியம் ஒரே கேள்வி. "ஏம்மா, கிடைச்சுதா?" அவருக்கு முடிவு தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே படித்தவர். வாதாபிக் கோட்டை விழுகிற அந்தப் பக்கங்களைத் தன் கண்ணால் இன்னொரு தரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஞாபகத்திலிருந்து சொல்லிப் பார்த்தேன். "நீ சொல்றது பரீட்சைக்கு எழுதற கதைச் சுருக்கம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போனில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று உங்களில் ஒருவர் சொன்னார். உண்மைதான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இருக்கின்றன. கொடுத்தும் பார்த்தேன். நாலு வரி படிப்பதற்குள் திரை அணைகிறது, எழுப்பினால் வேறெங்கோ போய் நிற்கிறது. படுத்துக்கொண்டு படித்தபோது போன் மூக்கின் மேல் விழுந்தது. அறுவைச் சிகிச்சை செய்த கண்ணுக்குப் பக்கத்தில். கடையில் வாங்கலாமே என்றால், நான் பார்த்தது நாலு பாகமும் ஒன்றாகச் சேர்ந்த செங்கல். அவர் மணிக்கட்டு அதைத் தாங்காது. உங்களிடம் இருந்தது தனித்தனியாகக் கட்டிய நாலு பாகம், பெரிய எழுத்து. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் புத்தகங்களை மன்றத்துக்குக் கொடுத்தவரே என் மாமனார்தான். முதல் பக்கத்தில் ஊதா மையில் அவர் கையெழுத்து இருக்கும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது முறையல்ல, தெரியும். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ராஜா ராணி கதைகளை இனி யார் படிக்கப் போகிறார்கள்" என்றும் கேட்டீர்கள். நாங்கள் குடியிருக்கும் பெங்களூர் பிரேசர் டவுனுக்கு அரசாங்கம் வைத்த பெயர் புலிகேசி நகர். பலகையைப் பார்க்கும்போதெல்லாம் மாமியார் முகத்தைச் சுளிப்பார், பாதி விளையாட்டுக்கு. பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா சும்மா விடுவாரா? "ஹர்ஷரையே நர்மதையைத் தாண்ட விடாமல் நிறுத்தியவர் எங்கள் புலிகேசி. நீங்கள் ஊரைக் கொளுத்தியதைப் பெருமையாகச் சொல்கிறீர்களே" என்பார். நியாயமான கேள்விதான். இந்தச் சண்டை முற்றித்தான் இரண்டு குடும்பமும் ஒன்றாக இரவு ரயிலேறிப் பாதாமி போனோம். அந்தப் பாதாமிதான் கதையில் வரும் வாதாபி. குடைவரைகள், அகத்தியர் குளம், பாறையில் நரசிம்மவர்மனின், அதாவது நம் மாமல்லரின், கல்வெட்டு. 642-ல் பல்லவர் படை வந்தது நிஜம், சிவகாமி கற்பனை என்று என் மகன் பாட்டிக்கு விளக்கினான். பாட்டி அதை ஏற்கவில்லை. ஆனால் அவன் திரும்பி வந்ததும் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலுக்குப் போய், அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளை எழுத்துக்கூட்டப் பார்த்தான். எந்தக் கையேடும் அவனை அங்கே அனுப்பவில்லை.

சாண்டில்யன் புத்தகங்களில் வர்ணனை அதிகம், குடும்பத்தோடு படிக்க முடியாது என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அந்தப் பக்கங்களை நானும் தள்ளிவிட்டுத்தான் படிப்பேன் (எல்லாவற்றையும் அல்ல). அதற்காக 'கடல் புறா' மூன்று பாகத்தையும், அதில் வரும் அத்தனை கப்பல்களையும், இளையபல்லவனையும் சேர்த்தா எடைக்குப் போடுவது?

2022-ல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது மன்றமே திரண்டு தியேட்டருக்குப் போனது. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகத்துக்கும் போனோம். மேடையில் வந்தியத்தேவனைப் பற்றி அரை மணி நேரம் பேசியவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். ஃபிளெக்ஸில் ராஜராஜனுக்குப் பக்கத்தில் குழுவினர் படங்களும் இருந்தன, ராஜராஜனைவிடச் சற்றுப் பெரிதாக. புத்தகத்துக்கு மட்டும்தான் இடமில்லாமல் போய்விட்டது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் சம்பளமில்லாமல் வந்து நூலகத்தைத் திறந்து வைப்பவர்கள் நீங்கள், அதை நான் மறக்கவில்லை. தயவுசெய்து அந்தப் பழைய பேப்பர் கடைக்கு ஒரு ஆளை அனுப்பிப் பாருங்கள். சாக்கு இன்னும் பிரிக்காமல் கிடக்கலாம். இல்லையென்றால் தனித்தனிப் பாகமாக ஒரு பழைய பிரதியைத் தேடி வாங்குங்கள், பணம் நான் தருகிறேன். இனி எதையாவது கழிப்பதாக இருந்தால் பட்டியலை ஒரு வாரம் வாசலில் ஒட்டுங்கள். முதலில் நாலாம் பாகம்.

உங்கள் பதிவேட்டில் மூன்றாம் பாகம் என் பெயரில் இருக்கும். கெடு தாண்டி ஐந்து வாரம் ஆகிறது. அபராதத்தைக் கட்டிவிடுகிறேன். புத்தகத்தை மட்டும் நாலாம் பாகம் கைக்கு வந்த பிறகுதான் தருவேன்.

இப்படிக்கு,
புலிகேசி நகரிலிருந்து ஓர் உறுப்பினர்