'ரோஜா ஆட்டம்' ஓவியமும் ஆவிக் கதையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வில்லியம் பார்ன்ஸ் வொலன் 1895இல் வரைந்த 'ரோஜா ஆட்டம்' ஓவியத்தைச் சென்ற இதழில் பக்கம் முழுக்க அச்சிட்டிருந்தீர்கள். மனமார்ந்த நன்றி. ஆனால் படத்தின் கீழிருந்த குறிப்பு இரண்டு நாட்களாக என்னை உறுத்துகிறது. இங்கிலாந்தில் ரக்பி விளையாட்டு இரண்டாகப் பிளந்தபோது, தனியே பிரிந்த வடக்கு யூனியன் என்ற அமைப்பின் பக்கம் போன ஆட்டக்காரர்களை ஓவியத்திலிருந்து அழித்துவிட்டார்கள், ஆவிபோல மங்கலாகத் தெரிபவை அவர்களுடைய உருவங்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

இது செவிவழிக் கதை. வரையும்போதே ஓவியர்கள் உருவங்களை இடம் மாற்றுவது வழக்கம். எண்ணெய் வண்ணம் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒளியை ஊடுருவ விடும். மேற்பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த பழைய கோடு மெல்ல எட்டிப் பார்க்கும். வொலன் போர்க்களக் காட்சிகளுக்குப் பெயர் பெற்றவர். அத்தனை ஆட்களை ஒரே துணியில் நெருக்கி நிறுத்தியவர் ஓரிருவரை நகர்த்திப் பார்த்திருக்க மாட்டாரா?

நடந்த வரலாறு இந்தக் கதையைவிடக் கனமானது. படத்தில் இருப்பது 1893இல் பிராட்ஃபோர்டு பார்க் அவென்யூ மைதானத்தில், ரோஜாவைச் சின்னமாகக் கொண்ட வட இங்கிலாந்து மாவட்டங்களான யார்க்‌ஷயரும் லங்காஷயரும் மோதிய ஆட்டம். அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனில், இங்கிலாந்து ரக்பியை நிர்வகித்த ரக்பி சங்கம் கூடியது. சனிக்கிழமையும் வேலைநாளாக இருந்த ஆலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் வெளியூர் ஆட்டத்துக்குப் புறப்பட்டால் கூலி போய்விடும். அந்த இழப்பை மட்டுமாவது ஈடுசெய்யுங்கள் என்று யார்க்‌ஷயர்க்காரர்கள் கேட்டார்கள். 136 வாக்குகள் ஆதரவு, 282 எதிர்ப்பு. ஓய்வும் வசதியும் உள்ளவர்களுக்கு 'பணம் வாங்காமல் ஆடு' என்று சொல்வது எளிது. வீட்டில் உலை வைக்க அந்தக் கூலியையே நம்பியிருந்தவன் என்ன செய்வான்?

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஓட்டலில் வடக்கத்திய கிளப்புகள் கூடி வடக்கு யூனியனைத் தொடங்கின. இன்று தனி விளையாட்டாக இருக்கும் ரக்பி லீக் அதன் வழிவந்ததுதான். அங்கே போனவர்களுக்குப் பழைய சங்கத்தின் கதவு சாத்தப்பட்டது. அதற்குத் தூரிகை தேவைப்படவில்லை, சட்டப் புத்தகம் போதுமானதாக இருந்தது. 1889 முதல் 1896 வரை மாவட்டங்களுக்கு இடையிலான ரக்பிப் பட்டத்தை யார்க்‌ஷயரும் லங்காஷயரும் தவிர வேறு யாரும் வென்றதில்லை. அந்த வடக்கை இழந்த இங்கிலாந்து அணி 1910 வரை நாடுகளுக்கு இடையிலான ரக்பி சாம்பியன் பட்டத்தைத் தொடவில்லை. கடைசியில் 1995 ஆகஸ்டில், பிளவுக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, பழைய சங்கத்தின் ஆட்டமான ரக்பி யூனியனும் ஆட்டக்காரர்களுக்குப் பணம் தர வழிவிட்டது.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடம் குறைவென்றால், அந்த 282, 136 என்ற இரண்டு எண்களையாவது படத்தின் கீழே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்