கப்பல் பாதுகாப்பு வேலைக்குப் போகும் சின்னவளுக்காக

பந்திங், சிலாங்கூர்

அன்புள்ள ஆறுமுகம்,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு உல்லாசக் கப்பலில் பாதுகாப்புப் பிரிவில் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே சாயங்கால மழை விடுவதாக இல்லை. லோரி உள்ளே வர முடியாமல் செம்பனைக் குலைகள் சாலையோரம் கிடக்கின்றன, மாரியம்மன் கோயில் கூரை வேலையும் பாதியில் நிற்கிறது. அவள் வேலையில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று நீ கேட்டதற்கு வருகிறேன்.

கடல்கொள்ளையரை நினைத்துத் தங்கச்சிக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் கப்பல் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இருட்டில் வந்து எஞ்சின் உதிரிப் பாகங்களை அள்ளிக்கொண்டு போகும் திருடர்கள். சுமை ஏற்றித் தண்ணீரில் தாழ்ந்து மெதுவாகப் போகும் சரக்குக் கப்பலும், இழுவைப் படகு இழுத்துச் செல்லும் பார்ஜ் என்ற தட்டைச் சரக்குப் படகும்தான் அவர்களுக்கு வசதி. உல்லாசக் கப்பலுக்குப் பக்கச் சுவர் உயரம், வேகமும் அதிகம். 2005 நவம்பரில் சோமாலியாவுக்கு அப்பால் சீபோர்ன் ஸ்பிரிட் என்ற உல்லாசக் கப்பலை ராக்கெட் குண்டோடு தாக்கினார்கள், உண்மைதான். காதைப் பிளக்கும் ஒலிக்கருவி, தண்ணீர்க் குழாய், வேகம் இவற்றை வைத்தே கப்பல் தப்பியது. வந்தவர்களால் ஏற முடியவில்லை. ஆகவே தங்கச்சியைத் தூங்கச் சொல்.

சின்னவள் வேலையின் கனமான பாதி துறைமுகத்தில், கப்பலில் ஏறி இறங்கும் பாலமான கேங்வேயில் இருக்கிறது. பயணி அட்டையைத் தொட்டதும் திரையில் அவர் படம் வரும். அலுத்துப்போன காவலர் ‘பீப்’ சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். தவறு அங்கேதான் நுழைகிறது. முதலில் திரை, பிறகு முகம், பிறகு பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர் என்ற வரிசை பழக வேண்டும். ‘தினமும் பார்க்கிற ஆள்’ என்று ஊழியர்களைச் சும்மா விடுவதும் கூடாது, நேற்றே வேலையை விட்டு நின்றவராக அவர் இருக்கலாம்.

கேங்வேயைவிட எனக்குச் சங்கடமான இடம், சாமான் ஏற்றும் பக்கவாட்டுக் கதவு. காய்கறிப் பேலட், பழுதுபார்ப்பவரின் கருவிப்பெட்டி, மேடை நிகழ்ச்சிக்கான பெட்டி எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். சீல் எண் தாளில் உள்ளதோடு பொருந்துகிறதா, வந்த பெட்டிகளின் எண்ணிக்கை சரியா, யார் கேட்ட சாமான் என்று மூன்றையும் பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும். 2004 பிப்ரவரியில் மணிலா விரிகுடாவில் சூப்பர்ஃபெரி 14 கப்பலில் குண்டு வெடித்து 116 பேர் இறந்தார்கள். வெடிமருந்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஏறியிருந்தது.

அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஐஎஸ்பிஎஸ் என்ற, கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதித்தொகுப்பு நடப்பில் இருக்கிறது. அதில் பாதுகாப்பு நிலைகள் மூன்று: நிலை 1 வழக்கமானது, 2 கூடுதல் கவனம், 3 ஆபத்து நெருங்கிவிட்டது. துறைமுகம் இருக்கும் நிலைக்குக் கீழே கப்பல் இருக்கக் கூடாது. கப்பலில் ஒரு பாதுகாப்பு அதிகாரி, துறைமுக முனையத்தில் ஒருவர். இருவருக்கும் இடையில்தான் செய்தி போகும்.

இனி தகவல் சொல்லும் முறை. இதை அவளிடம் இரண்டு தடவை சொல். ‘ஒருத்தர் சந்தேகமாகத் திரிந்தார்’ என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. ‘22:40, ஏழாம் தளம், இடப்பக்கம், பின் படிக்கட்டு. நீலச் சட்டை, பாஸ் இல்லை. கேபின் கைப்பிடிகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். முன்பக்கம் நோக்கிப் போனார்.’ இப்படி இருந்தால் கேமராவில் உடனே தேடலாம். நம் ஊரில் வாய்க்கு வருகிற மாதிரி ஆள் எந்த நாட்டுக்காரர் என்று ஊகித்து எழுதினால், கப்பலில் பாதிப் பேரை நிறுத்த வேண்டிவரும். செய்ததை எழுதட்டும்.

நேரத்திலும் ஒரு குழி உண்டு. புக்கெட் போனால் தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னால், கப்பலோ மலேசிய நேரத்திலேயே ஓடலாம். ‘கப்பல் நேரம்’ என்று குறிக்காத அறிக்கையால், கேமராப் பதிவை ஒரு மணி தள்ளித் தேடி வெறுங்கையோடு வருவார்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிடும் என்பதால் அன்றே எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து, கடலில் நெருங்கி வரும் படகுகள். மலாக்கா நீரிணையில் மீன்பிடிப் படகு இல்லாத இரவே கிடையாது. வலை இல்லை, ஏணியோ கொக்கியோ தெரிகிறது, படகின் அளவுக்கு மீறிய எஞ்சின், பின்பக்கத்திலிருந்து கப்பலின் வேகத்துக்கே ஒட்டி வருகிறது என்றால் உடனே பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலைச் செலுத்தும் அறைக்குச் சொல்ல வேண்டும். மற்றதைக் கேப்டன் பார்ப்பார். கோலாலம்பூரில் ஐஎம்பி என்ற சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கடற்கொள்ளைத் தகவல் மையம் 1992 முதல் இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும் ஆள் உண்டு. கப்பலில் மௌன அபாயப் பொத்தானும் குறைந்தது இரண்டு இடத்தில் இருக்கும், ஒன்று பிரிட்ஜில். அழுத்தினால் கப்பலுக்குள் மணி அடிக்காது, கரைக்கு மட்டும் செய்தி போகும்.

கேட்பாரற்ற பை கிடந்தால் பிரிட்டிஷ் ரயில்வே போலீஸ் வழக்கப்படுத்திய மூன்று கேள்விகள் போதும். மறைத்து வைத்திருக்கிறதா? பார்த்தவுடனே தப்பாகத் தெரிகிறதா? அந்த இடத்தில் வழக்கமாகக் கிடக்கும் பொருள்தானா? நீச்சல்குளத்தருகே துண்டுப் பை வழக்கம், தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் வைக்கும் அலமாரிக்குள் இருந்தால் வழக்கமில்லை. தொடக் கூடாது. வாக்கி டாக்கியையும் கைப்பேசியையும் 15 மீட்டர் தள்ளிப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

உண்மையில் அவள் அதிகம் பார்க்கப்போவது குடிச்சண்டை, திருட்டு, பெண்களிடம் அத்துமீறல். கடைசி வகையில் காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் துடைப்பம்தான். காலையில் அறையைச் சுத்தம் செய்துவிடுவார்கள். புகார் வந்த நிமிடமே கேபினைப் பூட்டி, இரண்டு பேர் சாட்சியோடு சீல் வைக்க வேண்டும். துணிகளைக் காகிதப் பையில் போட வேண்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். அந்த நேரத்தில் கப்பல் எங்கே இருந்தது என்பதையும் பிரிட்ஜில் கேட்டு எழுத வேண்டும். கரையிலிருந்து 12 கடல்மைலுக்குள் என்றால் அந்த நாட்டுப் போலீஸ் வரலாம், வெளிக்கடல் என்றால் கப்பல் பதிவான நாட்டின் பொறுப்பு. பாதிக்கப்பட்டவர்கள் அலைவது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

யாராவது கடலில் விழுந்தால் மிதவை வளையத்தை எறிந்து, சத்தம் போட்டு, ஒரு கையை நீட்டி ஆளையே காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. 18 நாட் (மணிக்கு 18 கடல்மைல்) வேகத்தில் ஒரு நிமிடத்துக்குள் கப்பல் 550 மீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

வழியனுப்ப வரும்போது நீங்கள் முனையத்தில் எதையாவது கண்டால் பக்கத்துக் காவலரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் 999. வாட்ஸ்அப் குழுவுக்கு அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம்.

பாதுகாப்புப் பணிக்கான எஸ்டிசிடபிள்யூ (கப்பல் ஊழியர் பயிற்சிக்கான சர்வதேச விதி) சான்றிதழை வாங்கியதும், கடப்பிதழில் உள்ளபடியே ‘ஏ/பி’ (மகள் என்பதைக் குறிக்கும் மலாய்ச் சுருக்கம்) உட்பட பெயர் அச்சாகியிருக்கிறதா என்று அன்றே பார்க்கச் சொல். பொருந்தாவிட்டால் கப்பலேறும் நாளில் தொல்லை. அவள் கப்பல் பூலாவ் இண்டா துறைமுகத்துக்கு வரும் தேதி தெரிந்தால் எழுது.

அன்புடன்,
சுப்பையா