செவ்வாய்க்கிழமைக்கு ஆள் வேண்டும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. வாரத்தில் ஒருநாளை, இல்லாதவர்களுக்குச் சாப்பாடு போடும் பொதுச் சமையற்கூடத்துக்கு ஒதுக்கப்போகிறாய் என்பதைப் படித்தபோது மனம் நிறைந்தது. போகும்போது ஐம்பது பேருக்கு வீட்டிலேயே சமைத்து எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் எழுதியிருந்தாய். அதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வை. காரணத்தைச் சொல்லத்தான் இந்த நீண்ட கடிதம்.

வீட்டில் சமைத்ததைப் பெரும்பாலான கூடங்கள் வாங்குவதில்லை. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதே. சாப்பிட வருகிறவர்களில் முதியவர்கள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள், ஏற்கெனவே நோயில் நலிந்தவர்கள் நிறையப் பேர். நமக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போகிற விஷயம் அவர்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடையில் இருக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். அந்த வெப்பத்தில் கிருமி வேகமாகப் பெருகும். வெளியே வைத்த உணவுக்கு மொத்தம் 2 மணி நேரம்தான் கெடு. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். காலையில் சமைத்து, பாத்திரத்தில் அடைத்து, வண்டியில் ஏற்றி, மதியம் பரிமாறினால் அந்தக் கெடு வழியிலேயே முடிந்துவிடும்.

'அங்கே போய்ச் சூடு பண்ணிக்கொண்டால் ஆயிற்று' என்று நீ சொல்வாய். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் அரிசி கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விட்டுவைக்கும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். கையில் ஆறாத வெட்டுக்காயத்தோடு பிசைந்து கலந்த உணவிலும் இதே கதைதான், கிருமி மட்டும் வேறு.

மீந்ததை ஆறவைப்பதில்தான் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள். நாற்பது லிட்டர் அண்டாவில் பருப்பையோ இறைச்சிக் குழம்பையோ அப்படியே மூடி வைத்தால், மேலே தொட்டால் ஆறியது போல இருக்கும். நடுவில் பல மணி நேரம் சூடு இறங்காது. அந்த நடுப்பகுதி கிருமிக்குத் தொட்டில். அண்டாவோடு குளிர்பெட்டிக்குள் தள்ளினால் இன்னும் மோசம். பக்கத்தில் இருக்கிற பாலும் முட்டையும் சேர்ந்து சூடாகும். செய்ய வேண்டியது இதுதான்: அகலத் தட்டுகளில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, தட்டைப் பனிக்கட்டித் தண்ணீரில் உட்காரவைத்துக் கிளறிக்கொண்டே இரு. 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அங்கிருந்து 5 டிகிரிக்கு வர மேலும் 4 மணி நேரம் கொடுக்கலாம். முதல் கட்டம் தவறினால் குப்பைக்குத்தான். மனசு கேட்காது. ஆனாலும் கொட்டு. மறுநாள் பரிமாறும்போது நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும், அதுவும் ஒரே ஒரு தடவைதான் சூடாக்கலாம்.

இதற்கெல்லாம் வெப்பமானி வேண்டும். நன்கொடை கொடுக்க நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்லும் பொருள், முனை கூரான சமையல் வெப்பமானி. அது சரியாகக் காட்டுகிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய பனிக்கட்டி போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முனை அடியிலோ பக்கத்திலோ படாமல் நட்டு நடுவில் பிடி. முள் அசையாமல் நின்றதும் பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டு டிகிரி தள்ளி நின்றால் அன்றைக்கு அந்தக் கருவியை நம்பாதே.

அளவு கேட்டிருந்தாயே, இதோ. நூறு பேருக்கு, ஆளுக்கு 80 கிராம் வீதம் 8 கிலோ அரிசி. வெந்தபின் ஏறக்குறைய 20 முதல் 24 கிலோ சோறு. காய்ந்த பருப்போ பயறோ ஆளுக்கு 40 கிராம், மொத்தம் 4 கிலோ. சூப் என்றால் ஆளுக்கு 300 மில்லி, ஆக 30 லிட்டர். ஆனால் பாத்திரம் 40 லிட்டர் வேண்டும், கொதித்து எழும்பவும் கிளறவும் இடம் தேவை. வீட்டு அளவை அப்படியே இருபத்தைந்தால் பெருக்கினால் கெட்டுப்போகும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வற்றும் விகிதம் குறைவு என்பதால் தண்ணீரைக் குறைத்தே ஊற்று. உப்பையும் காரத்தையும் முதலில் முக்கால் பங்கு போட்டு, கொதித்தபின் ருசி பார்த்து மீதியைச் சேர். கெட்டியான சூப் அடிப்பிடித்தால் சுரண்டாதே. மேலே இருப்பதை அலுங்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்று. சுரண்டிய நொடியில் தீய்ந்த நாற்றம் முப்பது லிட்டருக்கும் ஏறிவிடும். நிறைந்த அண்டாவை யாரும் தூக்கக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்தும் வேண்டாம். கரண்டியால் மொண்டு சிறு பாத்திரங்களுக்கு மாற்றித்தான் நகர்த்த வேண்டும். இந்த இடங்களில் நடக்கும் மோசமான விபத்து கொதிக்கிற குழம்பு காலில் கொட்டுவது. அதனால் முன்பக்கம் மூடிய, வழுக்காத செருப்பு போட்டுக்கொண்டு போ.

சிவப்பு ராஜ்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டை மூட்டையாக நன்கொடை வருகிற பொருள் அது, விலை மலிவு, சத்து அதிகம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ இருந்தால் அதில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் நாலைந்து கொட்டையிலேயே வாந்தியெடுக்க வைக்கும். குறைந்தது 5 மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பிறகுதான் மெதுவாக வேகவைப்பதெல்லாம். கொதி வராத இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் நஞ்சு போகாது. நம்மில் பலர் எரிபொருளை மிச்சம் பிடிக்க அதைத்தான் செய்கிறோம்.

பரிமாறும் இடத்துக்கு வருவோம். அளந்த கரண்டி ஒன்று போதும், அன்றைய நியாயம் பாதி முடிந்தது. கண் அளவில் போட்டால் முதல் ஐம்பது பேருக்குத் தட்டு நிரம்பி வழியும், கடைசி இருபது பேருக்குக் குழம்பின் அடிமண்டிதான் கிடைக்கும். கடைசியில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் வேகமாக நடக்க முடியாதவர்கள். எல்லாருக்கும் ஒரு சுற்று முடிந்தபின் இரண்டாம் முறை உண்டு என்பதை முன்னாலேயே உரக்கச் சொல்லிவிட்டால் முண்டியடிப்பு பாதி குறையும். சிலருக்கு ஒவ்வாமை இருக்கும், அதனால் வேர்க்கடலை, பால், முட்டை, கோதுமை, மீன் எதில் இருக்கிறது என்று எழுதி ஒட்டு. எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல். உன்னைக் கேட்டால் தெரியாமல் 'இல்லை' என்று சொல்லிவிடாதே. பொட்டலத்தின் மேலுறையைப் பந்தி முடியும்வரை எறியாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

1847-ல் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது அலெக்சிஸ் சோயர் என்ற புகழ்பெற்ற சமையல்காரர் டப்ளினில் ஒரு பெரிய கஞ்சித்தொட்டி நடத்தினார். மணியடித்ததும் நூறு பேர் உள்ளே வருவார்கள், சாப்பிட்டதும் வெளியேற வேண்டும், அடுத்த மணிக்கு அடுத்த நூறு. கரண்டிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தன. ஏராளமானவர்களுக்கு அது உணவு கொடுத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சூப்பில் சத்துப் போதாது என்று அப்போதே மருத்துவர்கள் எழுதினார்கள். எண்ணிக்கை ஏறுகிற இடத்தில் முதலில் விட்டுப்போவது சத்தும் மரியாதையும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் கூடத்தில் சங்கிலி இருக்காது. ஆனால் சாப்பிடுகிறவரைப் படம் எடுப்பதும், 'ஏன் இந்த நிலைமை' என்று கேட்பதும், தட்டு நீட்டினவரிடம் அறிவுரை சொல்வதும் அந்தச் சங்கிலியின் மிச்சம்தான். அவராகப் பேசினால் கேள். பெயர் தெரிந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடு. அங்கே யாரைப் பார்த்தாய் என்பதை வெளியே யாரிடமும் சொல்லாதே.

இனி நன்கொடை. பணமாகக் கொடுப்பது மனசுக்குச் சப்பென்று இருக்கும், எனக்குத் தெரியும். மூட்டையைத் தூக்கிக் கொடுப்பதில் வருகிற நிறைவு அதில் வராது. ஆனால் அவர்கள் மொத்த விலைக்கு வாங்குவார்கள், நாம் சில்லறை விலைக்கு வாங்குகிறோம். அதே தொகையில் அவர்கள் வாங்குவது அதிகம். எரிவாயு, வாடகை, தண்ணீர், கணக்கெழுதுகிறவரின் சம்பளம், பாத்திரம் கழுவும் சோப்பு இவற்றுக்கு யாரும் நன்கொடை கொடுப்பதில்லை. 'இந்தப் பணம் அரிசிக்கு மட்டும்' என்று நிபந்தனை போட்டால், அரிசி குவிந்திருக்க அடுப்பு எரியாமல் நிற்கும். நிபந்தனை இல்லாமல், சிறு தொகையானாலும் மாதாமாதம் கொடு. வரும் என்று தெரிந்த பணத்தை வைத்துத்தான் அவர்களால் திட்டம் போட முடியும்.

பொருளாகத்தான் கொடுப்பேன் என்றால் கேட்டுவிட்டுக் கொடு. எண்ணெய், டின்னில் அடைத்த மீன், பயறு, கையுறை, சானிட்டரி நாப்கின், குழந்தைகளுக்கான டயப்பர், புதுக் காலுறை இவை எங்கேயும் பற்றாக்குறைதான். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும்' என்று அச்சிட்டிருந்தால் அது பாதுகாப்புக்கான கெடு, தாண்டியதைத் தொடக்கூடாது. 'இந்தத் தேதிவரை தரமாக இருக்கும்' என்பது ருசிக்கும் மணத்துக்கும். அதைத் தாண்டியதைக் கூடம் வாங்குமா என்பதை அவர்களே சொல்வார்கள். டின்னைக் கையில் எடுத்து விரலால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார். மூட்டுக்கோட்டில் நசுங்கல், உப்பிய மூடி, கசிவு, துடைத்தும் போகாத துரு, இதில் எது இருந்தாலும் ஒதுக்கு. பிரித்த பொட்டலம், வீட்டில் போட்டு அடைத்த ஊறுகாய்கள் வேண்டாம். குழந்தைகளுக்கான பால்பவுடரைக் கேட்காமல் கொண்டுபோகவே கூடாது. சுத்தமான தண்ணீர் கிடைக்காத பேரிடர் இடங்களில் அது குழந்தைக்கே எமனாகும். தாய்ப்பால் கொடுக்கிறவர்களும் நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் பேரிடர் நேரத்தில் அதை நன்கொடையாகக் கேட்காதீர்கள், வாங்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்கின்றன.

ஒரே காய் இருநூறு கிலோ கையில் இருக்கிறது, என்ன செய்வது என்றால், சமையற்கூடத்தைவிட உணவு வங்கிதான் சரியான இடம். சமைக்காமல் சேமித்துப் பல அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர்கள் வேலை. 1967-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கி வைத்த முறை இது.

எந்த அமைப்புக்குக் கொடுப்பது என்று குழம்பினால், பதிவு உண்டா, ரசீது தருகிறார்களா, தணிக்கை செய்த கணக்கைக் கேட்டால் காட்டுகிறார்களா, உண்டியலை இரண்டு பேர் சேர்ந்து எண்ணுகிறார்களா, காசோலைக்கு இரண்டு கையெழுத்து உண்டா என்று பார். 'நிர்வாகச் செலவே இல்லை' என்று பெருமை பேசுகிற இடத்தில் நான் கூடுதலாக ஒரு கேள்வி கேட்பேன். கணக்கு யார் எழுதுகிறார்கள்?

கடைசியாக உன் நாள். பண்டிகை நாளில் பத்துப் பேர் வேலைக்கு நாற்பது பேர் வந்து நிற்பார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று பேர்தான் இருப்பார்கள், சாப்பிட வருகிறவர்கள் எண்ணிக்கை மட்டும் குறையாது. அந்தச் செவ்வாயைக் கேட்டு வாங்கிக்கொள். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிடு. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் முழுக்க நின்று 48 மணி நேரம் ஆகும்வரை போகாதே. கையுறை போட்டாலும் முதலில் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவு. போனைத் தொட்ட கையுறையோடு கரண்டியைத் தொடாதே. முதல் மாதம் பாத்திரம் கழுவுகிற இடத்தைக் கேள். யாரும் விரும்பாத இடம் அது, ஆனால் அங்கே நின்றால் எது மீந்துபோகிறது, எது தட்டிலேயே திரும்புகிறது என்று முழுச் சமையலும் புரிந்துவிடும். கழுவி, அலசி, கிருமிநாசினித் தண்ணீரில் முக்கி, காற்றில் உலரவிடு. துணியால் துடைத்தால் போன அழுக்கு திரும்பி வரும்.

போய்ப் பார்த்துவிட்டு எழுது. குளிர்பெட்டி எவ்வளவு பெரியது, அடுப்பு எத்தனை, மிகப் பெரிய அண்டா எத்தனை லிட்டர், சராசரியாக எத்தனை பேர் வருகிறார்கள், இந்த நாலும் தெரிந்தால் அவர்கள் ஒருவேளைக்கு எவ்வளவு சமைக்கலாம், மீந்ததை ஆறவைக்க எத்தனை அகலத் தட்டு வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம்.

அன்புடன்,
உன் நண்பன்