டிசம்பர் பயணம்: எந்த நாடு? வெள்ளிக்குள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

நம் வெள்ளவத்தைத் தொடர்மாடிக் குடும்பங்களின் டிசம்பர் பயணத்துக்கு நாடு முடிவாக வேண்டும். ஞாயிறு மாலை 6 மணிக்கு மொட்டைமாடியில் கூடுவோம்.

1. மலேசியா: கோலாலம்பூரும் பினாங்கும். பத்துமலை முருகன் சிலை 42.7 மீற்றர் உயரம், குகைக்கு 272 படி. முழங்கால் வலியுள்ள அம்மாக்கள் சிலையடியிலேயே கும்பிடலாம். பினாங்கு மலைக்கு ரயிலே ஏறுகிறது. கிழக்குக் கரைத் தீவுகளில் அப்போது பருவமழை, அந்தப் பக்கம் வேண்டாம்.
2. தாய்லாந்து: பாங்கொக், சியாங் மாய். மழை ஓய்ந்து இதமாக இருக்கும் மாதம். என் வாக்கு இதற்குத்தான்.
3. மாலைதீவு: கிட்ட. ஆனால் கடலை விட்டால் பிள்ளைகளுக்குப் பார்க்க அதிகமில்லை.

பாலி கேட்டவர்களுக்கு: டிசம்பரில் அங்கே மழைக்காலம். ஜூலை, ஆகஸ்டில் போனால்தான் நல்லது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது:

4. வெள்ளி இரவு 9 மணிக்குள் 1, 2, 3 என்று ஒரு எண்ணும், எத்தனை பேர் என்பதும் இங்கே போடுங்கள்.
5. இன்றைக்கே கடவுச்சீட்டைத் திறந்து காலாவதித் திகதியைப் பாருங்கள். பயண நாளிலிருந்து 6 மாதமாவது இருக்க வேண்டும். பிள்ளைகளுடையதையும் பாருங்கள். போன முறை மகனுடையதைப் பார்க்காமல் விட்டு, கட்டிய பெட்டிகளோடு நாங்கள் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திரும்பினோம். அவன் வழியெல்லாம் அழுதான்.
6. புதுப்பிக்க வேண்டியவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குச் சேர்ந்தே போகலாம்.

விசா விதிகளை டிக்கெட் போடும் முன் நான் பார்த்துச் சொல்கிறேன். வர முடியாதவர்களும் ஒரு வரி பதில் போடுங்கள்.