பதினோராவது பத்தியில் ஒரு சுண்டெலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நிலவேம்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். நிலவேம்புச் சாறு நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி மலேரியாவை ஒழிப்பது ஆய்வில் உறுதியாகிவிட்டது என்று முதல் பத்தியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். யாருடைய எதிர்ப்புச் சக்தி என்று தேடிக்கொண்டே போனேன். பதினோராவது பத்தியில், சமையல் எண்ணெய் விளம்பரத்துக்குச் சற்று மேலே, விடை கிடைத்தது: சுண்டெலியினுடையது.

நான் நிலவேம்புக்குப் பகையாளி அல்ல. சிறு வயதில் அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றிய கசப்பு இன்னும் அடிநாக்கில் இருக்கிறது. 2012-இல் டெங்கு பரவி, அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீர் கொடுத்தபோது நானும் வரிசையில் நின்று குடித்தவன்தான். ஆனால் முப்பத்தொரு ஆண்டுகள் ஆய்வகத்தில் உட்கார்ந்து, கண்ணாடித் துண்டில் இரத்தத்தைத் தடவி எடுக்கும் இரத்தத் தடவல்களைப் பார்த்தும் இருக்கிறேன். அதன்மேல் எண்ணெய்ச் சொட்டு விட்டு நுண்ணோக்கியின் லென்ஸை இறக்கினால், கல் வைத்த மோதிரம் போல மலேரியாக் கிருமி தெரியும். வைவாக்ஸ் என்ற வகைக் கிருமி என்றால், அது புகுந்து வளர்ந்த சிவப்பணு பக்கத்து அணுக்களைவிட ஊதிப்போய் நிற்கும். சென்னையில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்த வைவாக்ஸ்தான்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது எப்போதும் நல்லது என்று உங்கள் கட்டுரையாளர் எப்படி முடிவு கட்டினார்? கட்டிலோடு சேர்த்து ஆளைத் தூக்கிப் போடும் அந்தக் குளிர் நடுக்கமே உடம்பின் எதிர்ப்பு வேலைதானே! கிருமி முற்றிச் சிவப்பணுக்கள் வெடிக்கும்போது உடம்பு சீறி எழுகிறது. சீற்றம் அளவோடு இருந்தால் கிருமி அடங்கும். மீறினால் அதுவே நோயாளிக்கு எமனாகும். சரி, அடக்கிப் பார்ப்போமே என்று மூளை மலேரியா கண்டவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டெக்சாமெதசோன் மருந்தைக் கொடுத்தார்கள். நினைவு திரும்ப இன்னும் அதிக நேரம் பிடித்தது என்று 1982-இல் வெளியான தாய்லாந்து ஆய்வு சொன்னது. கூட்டினாலும் வம்பு, குறைத்தாலும் வம்பு. எலிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. பெர்கை என்ற எலி மலேரியாக் கிருமியின் ஒரே வகையைச் செலுத்தினால், கறுப்பு இனச் சுண்டெலி மூளை பாதித்துச் சாகிறது. வெள்ளை இனம் ஒன்று பெரும்பாலும் அதற்குத் தப்பிவிடுகிறது. ஆய்வகங்களில் பழக்கமான அந்தப் பெர்கை மனிதர்களுக்கு வருவதும் இல்லை. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

இன்னொன்று. கட்டுரையில் வந்தது ஆல்கஹாலில் எடுத்த சாறு. படத்தில் போட்டதோ அடுப்பில் கொதிக்கும் கஷாயப் பானை. இரண்டும் ஒன்றா? சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யூயூ அம்மையார் ஒரு மூலிகையைக் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்துச் சலித்தார். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன பழைய மருத்துவ நூல் ஒன்றைப் படித்த பிறகுதான், சூட்டைக் குறைத்து ஈதர் என்ற கரைப்பானில் சாறு எடுத்தார். ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது. 1972-இல் நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தாமே விழுங்கிப் பார்த்தார். 2015-இல் நோபல் பரிசு வந்தது. நீங்களும் அதைப் படத்தோடு போட்டீர்கள். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வைவாக்ஸ் வந்தது. மூன்று நாள் குளோரோகுயின் மாத்திரையில் காய்ச்சல் விட்டது. பதினான்கு நாள் விழுங்கவேண்டிய பிரைமாகுயின் மாத்திரையை நான்காம் நாளே நிறுத்திவிட்டு, ஏதோ ஒரு பத்திரிகைத் துணுக்கை நம்பிக் கஷாயத்துக்கு மாறினார். காய்ச்சல் விட்டாலும் ஈரலில் கிருமி உறங்கிக்கொண்டிருக்கும், அதைக் கொல்லத்தான் அந்தப் பதினான்கு நாள் மாத்திரை என்பதைத் துணுக்கு சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து மீண்டும் நடுக்கம்; தடவலில் அதே மோதிரம். “அண்ணே, பேப்பரிலேயே போட்டிருந்தார்களே” என்றார். என்ன பதில் சொல்வது? நாற்பது ஆண்டுகளாக நானும் உங்கள் பேப்பரை வாங்குகிறவன்தானே.

அப்போதே தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கொசு பெருகும் மூடியில்லாத மேல்நிலைத் தொட்டிகளைப் பற்றியும் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதைப் பற்றியும் எழுதியிருந்தேன். தொட்டி வந்தது. மாத்திரை காணாமல் போயிற்று. இடமில்லையாம். அதே பக்கத்தில் ராசிக்கல் பலனுக்கு அரைப் பக்கம் கிடைத்திருந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், “அந்த ஆய்வு சுண்டெலிகளில் செய்யப்பட்டது, மலேரியா மாத்திரைகளை நிறுத்த வேண்டாம்” என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். எழுத்து மட்டும் கண்ணில் படுகிற அளவில் இருக்கட்டும். இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் என் அம்மாவை, தூ யூயூவை, யாரை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். பதினான்கு நாள் மாத்திரையை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
பெரம்பூர், சென்னை.