டோவர் காட்டுக்காகப் பேசிய எல்லோருக்கும்

சிங்கப்பூர், ஆகஸ்ட் 2021

அக்கம்பக்கத்தாருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

வீடு கட்டத் திட்டமிட்டிருந்த டோவர் காட்டின் 33 ஹெக்டேரில் மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை என்று போன மாதக் கடைசியில் தேசிய வளர்ச்சி அமைச்சர் டெஸ்மண்ட் லீ அறிவித்தார். அதில் 5 ஹெக்டேர் அளவில் இயற்கைப் பூங்கா அமையும். கிழக்குப் பாதியில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகள் எழும். கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. ஆனாலும் கிடைத்தது சும்மா வந்ததில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, கருத்து எழுதி அனுப்பியவர்களுக்கு. நவம்பர் கடைசியில் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை வெளியானபோது, அத்தனை பக்கம் யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். படித்தீர்கள், பத்தி பத்தியாகக் கேள்வியும் கேட்டீர்கள். கருத்துச் சொல்லும் அவகாசம் பிப்ரவரி 1 வரை நீண்டது. இணைய மனுவில் கையெழுத்து 50,000-ஐத் தாண்டியது. எங்கள் தொகுதி உறுப்பினர் கிறிஸ்டோபர் டி சூசா நாடாளுமன்றத்திலேயே இதைப் பேசினார். சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தார் உணர்ச்சிவசப்படாமல் ஓர் அறிக்கை தந்தார்கள். அதுதான் எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்குப் பேசத் தைரியம் கொடுத்தது.

அப்புறம், வார இறுதிகளில் எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போன தொண்டூழியர்கள். கொவிட்டால் எட்டுப் பேருக்கு மேல் சேரக் கூடாத நேரம். அதனால் குழு குழுவாகப் பிரித்து, சொன்னதையே சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். பழைய கம்பத்தார் (கிராமத்தார்) விட்டுப்போன பழ மரங்களையும், ரப்பர் தோட்டம் கைவிடப்பட்ட பிறகு தானாக வளர்ந்த அல்பீசியா மரங்களையும், மேற்குப் பக்கத்து ஓடையையும் காட்டினீர்கள். உயிரினங்கள் அந்தப் பக்கம் அதிகமாக இருப்பதற்கு அந்த ஓடையும் ஒரு காரணம். எந்தப் பாதியைக் காப்பது என்ற கேள்வி வந்தபோது அதுதான் கை கொடுத்தது. வைக்கோல் நிறத் தலையுள்ள சின்னான் பறவையின் பாட்டையும் அங்கேதான் கேட்டோம். அந்தப் பாட்டுக்காகவே மற்ற நாடுகளில் அதைப் பிடித்துக் கூண்டில் அடைத்து விற்று ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். 2018 முதல் அது மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. சிங்கப்பூர்தான் அதற்கு மிச்சமிருக்கும் பெரிய புகலிடம்.

வீடு வேண்டும் என்று எங்களோடு வாதாடியவர்களுக்கும் நன்றி, இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. கொவிட்டால் கட்டுமானம் தள்ளிப்போய், கல்யாணம் முடிந்தும் பெற்றோர் வீட்டு அறையில் காத்திருக்கும் பிள்ளைகள் நம் அடுக்குமாடி புளோக்கிலேயே உண்டு. “உங்களுக்கு வீடு இருக்கிறது அங்கிள், அதனால் காட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள்” என்று மின்தூக்கியில் ஒரு தம்பி முகத்துக்கு நேரே சொன்னார். நியாயமான பேச்சு. அதற்குப் பிறகுதான் ‘கட்டாதே’ என்பதை விட்டுவிட்டு, ‘எங்கே கட்டலாம், எந்தப் பகுதியை விடலாம்’ என்று எழுத ஆரம்பித்தோம். காட்டுக்குப் பதில் கட்டுவதற்குக் குழிப்பந்து (கோல்ஃப்) திடல்கள் இருக்கின்றனவே என்று கேட்டவர்களின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. என் கேள்வியும் அதுதான்.

ஒரு வேண்டுகோள். மேற்குப் பாதியை ஏறத்தாழ பத்தாண்டு கழித்து மறுபடி பரிசீலிப்பார்கள். அன்றைக்குக் கையில் சான்று வேண்டும். அதனால் பார்த்த பறவை, விலங்கு எதுவானாலும் தேதி, இடம் போட்டுக் குறித்துவையுங்கள், முடிந்தால் படமும் எடுங்கள். புளோக் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நான் தொகுத்து வைக்கிறேன்.

நன்றியுடன்,
கிம் மோவிலிருந்து உங்கள் அண்டை வீட்டுக்காரன்