ஒரு கிரேனுக்கு இரண்டு பேர் வேண்டும்: உயர்மாடிக் கட்டடங்களை எழுப்புவோருக்கு மஸ்கெலியாவிலிருந்து ஒரு திறந்த மடல்

கொழும்பில் உயர்மாடிக் கட்டடங்களைக் கட்டும் ஒப்பந்த நிறுவனங்களின் திட்ட முகாமையாளர்களுக்கும் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் கிரேன் ஏணியில் விழுந்த விபத்தைப் பற்றி உங்களில் ஒரு நிறுவனம் அனுப்பிய படிவம் போன செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் கடிதம் நேராக வீட்டுக்கு வராது. தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. அதனால் நான் உறையைப் பிரிப்பதற்கு முன்பே, எனக்கு நட்டஈடு வந்துவிட்டதாக, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

பிரித்துப் பார்த்தால் இரண்டு பக்கம். ஒன்று ஆங்கிலம், மற்றது சிங்களம். சிங்களம் எனக்கு நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. கீழ் லயத்தில் இருக்கும் ஆசிரியை ஒருவர் வாசித்துச் சொன்னார். விபத்து ஒப்பரேட்டரின் கவனயீனத்தால் நேர்ந்தது, அதை ஒப்பரேட்டர் ஏற்றுக்கொள்கிறார் என்று இருக்கிறது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. போட்டு அனுப்பினால் வைத்தியச் செலவும் ஒரு மாதச் சம்பளமும் கிடைக்குமாம்.

நான் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தை உங்கள் எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஒன்பது வருடத்தில் நான்கு பணித்தளங்களில் டவர் கிரேன் ஓட்டியிருக்கிறேன். நான்கிலும் ஒரே வழக்கம்தான்: ஒரு கிரேன், ஒரு ஒப்பரேட்டர், காலையில் ஏறினால் வேலை முடிந்த பிறகே இறக்கம்.

விபத்து நடந்த அன்று 34 ஆவது மாடிக்கு ஸ்லாப், அதாவது கொங்கிறீட் தளம் போட்டோம். நான் காலை 6.40க்கு அறைக்குள் உட்கார்ந்தேன். பகல் 12.45க்குக் கொங்கிறீட் பம்ப் நின்றுவிட்டது. கீழே கலவை லொறிகள் வரிசையாக நின்றன. மிச்சத்தை வாளியால்தான் ஏற்றவேண்டும் என்றார்கள். ஒரு கன மீற்றர் வாளி. அது நிறைந்தால் கொங்கிறீட் மட்டும் 2.4 தொன் வரும். தூக்கி, திருப்பி, கிரேன் கையில் ஓடும் டிரொலியை வெளியே ஓட்டி, ஆட்டம் அடங்கும்வரை பொறுத்து, இறக்கி, கொட்டி, வெறும் வாளியைத் திரும்பக் கொண்டுபோக எட்டு நிமிடம். அப்படி 51 வாளி.

இரண்டு மணிக்கு நான் வோக்கிடோக்கியில் கேட்டேன், அரை மணி நேரம் இறங்கிவிட்டு வரலாமா என்று. "தவ எகய் மல்லி" என்று தளப் பொறியியலாளரிடமிருந்து பதில் வந்தது. இன்னும் ஒன்றுதான் தம்பி. மூன்றரைக்குக் கேட்டேன். அதே பதில். ஐந்து மணிக்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்தப் பொறியியலாளர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் சொன்னது உண்மை. ஸ்லாப்பை நடுவில் நிறுத்த முடியாது. போட்டது இறுகிய பிறகு புதிதைக் கொட்டினால் இரண்டும் ஒட்டாது, கோடு விழும், நாளைக்கு அந்த இடத்தில் நீர் கசியும். லொறியில் இருக்கும் கலவையும் காத்திருக்காது. வேலையை நிறுத்த முடியாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: நிறுத்த முடியாத வேலைக்கு ஏன் ஒரே ஒரு ஆளை வைத்திருக்கிறீர்கள்?

கடைசி வாளி 7.50க்குக் கொட்டியது. அப்போது மழை தொடங்கியிருந்தது. கிரேன் காற்றோடு தானாகத் திரும்புவதற்காக பிரேக்கை விட்டுவிட்டு நான் எழுந்தபோது வலது கால் எனக்குச் சொந்தமான கால் போல் இல்லை. லிஃப்ட் 31 ஆவது மாடி வரைதான். அதுவரை ஏணி, சுமார் 26 மீற்றர். ஏணிக்கு இடையில் இருக்கும் மூன்றாவது தட்டுக்கு இறங்கும்போது கால் படியில் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. விழுந்தேன். இரண்டரை மீற்றர்தான். கீழே தட்டு இருந்ததால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கணுக்கால் எலும்பு வெடித்துவிட்டது.

அந்த இடத்தில் நான் பாதுகாப்புப் பட்டியின் கொக்கியை மாட்டியிருக்கவில்லை. விரல்கள் மடங்கவில்லை, மாட்டாமலேயே இறங்கினேன். அது என் பிழை. இதை நான் யாருக்கும் மறைக்கவில்லை. ஆனால் உங்கள் படிவத்தில் கொக்கி இருக்கிறது, 13 மணி நேரம் இல்லை.

இன்னொன்றும் அதில் இல்லை. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. என் மகள் ஏழாம் ஆண்டு படிக்கிறாள், ஒரு நாள் இதை வாசிப்பாள். இருந்தாலும் எழுதுகிறேன்.

என் ஆசனத்துக்குப் பின்னால் ஒன்றரை லீற்றர் போத்தல்கள் இரண்டு இருக்கும். ஒன்று குடிப்பதற்கு. மற்றதன் கழுத்தில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருப்பேன், கை மாறிவிடக் கூடாது என்று. மூடியை நன்றாக இறுக்கவேண்டும். ஏணியில் இறங்கும்போது அது என் தோள்பையில், சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் வரும். மற்றவர்கள் முன்னிலையில் அதைக் காலி செய்ய முடியாது என்பதால், லிஃப்டில் எல்லோரும் ஏறிப்போகும்வரை ஒதுங்கி நிற்பேன். ஒன்பது வருடம் இப்படித்தான். உங்கள் கிரேன்களில் இன்று உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு போத்தல் இருக்கும். கேட்டுப் பாருங்கள். வெட்கப்பட்டு இல்லை என்று சொன்னால் பையைப் பாருங்கள்.

போத்தலைவிடக் கொடியது, குடிக்காமல் இருப்பது. விடியற்காலை அரைக் கப் பிளேன்டீ. அதன்பிறகு பகல் சாப்பாட்டுக்கு இரண்டு மிடறு. மூன்று பக்கமும் கண்ணாடி, காலடியிலும் கண்ணாடி. மார்ச், ஏப்ரல் வெயில் அறைக்குள் இறங்கும்போது நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், குடிக்கமாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகத்தில் கல் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் கணக்குச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இந்தக் கதையை இந்த முறை வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோதுதான் அம்மாவிடம் முதல்முதலாகச் சொன்னேன். அம்மா 36 வருடம் கொழுந்து எடுத்தவர். மலையில் கழிப்பறை ஏது? காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அவரும் அரைக் கப்தான் குடிப்பார். முழுவதையும் கேட்டுவிட்டு, "உனக்காவது போத்தல் இருக்கிறது. எங்களுக்குத் தேயிலைச் செடிக்குப் பின்னால்தான், அட்டை கடிக்கக் கடிக்க" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மலையை விட்டு இறங்கினால் இவனையாவது மனிதனாக நடத்துவார்கள் என்று நம்பித்தான் காதில் கிடந்ததை அடகு வைத்து என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்.

ஐயாமாரே, அம்மாமாரே, நான் கேட்பது இதுதான். ஒரு கிரேனுக்கு இரண்டு ஒப்பரேட்டர்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறவேண்டும். ஒருவர் மேலே இருந்தால் மற்றவர் கீழே சாப்பிடட்டும், தண்ணீர் குடிக்கட்டும், கழிப்பறைக்குப் போகட்டும்.

இது எங்கள் வசதிக்கான கோரிக்கை மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். நாங்கள் தூக்கும் சுமைகளில் பாதியை நாங்கள் பார்ப்பதே இல்லை. கட்டடத்தின் மறுபக்கம் இறங்கும் கம்பிக் கட்டு எனக்குத் தெரியாது. சைகை கொடுப்பவரின் குரல்தான் என் கண். "ஹெமிங், ஹெமிங்" என்றால் மெதுவாக விடுவேன், நிறுத்து என்றால் அந்தக் கணமே நிறுத்தவேண்டும். பதினோராவது மணி நேரத்தில் அந்தக் குரல் காதில் விழுந்து கைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்று 40 ஆவது வாளியோ 41 ஆவதோ, நிறுத்து என்று சொன்ன பிறகும் வாளி ஒரு முழம் இறங்கியது. கீழே கையை நீட்டி நின்ற பையன் பின்னால் குதித்துவிட்டான். அதை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. விழுந்தது நான் என்பதால் எனக்குப் படிவம் வந்திருக்கிறது. அந்தப் பையன் குதிக்காமல் இருந்திருந்தால் அவன் வீட்டுக்கு என்ன படிவம் போயிருக்கும்?

ஆள் கிடைப்பதில்லை என்று சொல்வீர்கள், இதற்குமுன் சொல்லியிருக்கிறீர்கள். 2022 இல் நாடு நெருக்கடியில் விழுந்து பணித்தளங்கள் நின்றபோது, கிரேன்கள் மாதக்கணக்கில் வெறுங்கையோடு நின்றன. என்னோடு பயிற்சி எடுத்தவர்கள் இருவர் கட்டாருக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. உண்மைதான். ஆனால் ஹற்றனிலும் பொகவந்தலாவையிலும் தலவாக்கலையிலும் உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்பில் கடைக்கு நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? உயரத்துக்குப் பயப்படாத பிள்ளைகள், செங்குத்து மலையில் ஓடி வளர்ந்தவர்கள். பயிற்சிக்குப் பணம் கட்டி, எங்கள் பக்கத்தில் ஆறு மாதம் உட்கார வையுங்கள். அவர்கள் வருவார்கள்.

செலவு என்பீர்கள். ஒரு கிரேனுக்கு நீங்கள் மாதம் கட்டும் வாடகையையும் எனக்குத் தரும் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

சம்பளம் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. எங்கள் கிரேனின் கையேட்டில் காற்று மணிக்கு 72 கிலோமீற்றரைத் தாண்டினால் வேலையை நிறுத்தவேண்டும் என்று இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் சில நாட்கள் பகலோடு நிறுத்திவிடுவோம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்நேர இடி மின்னல் வேறு. அந்த நாட்களுக்கு அரைநாள் சம்பளம்தான் போடுகிறீர்கள். தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். அரைப்பேருக்கு அழுத வீட்டில் பிறந்தவன் நான். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021 இல் வர்த்தமானியில் வரும்வரை எங்கள் ஆட்கள் எத்தனை வருடம் தெருவில் நின்றார்கள் என்று உங்களுக்குத் தெரியும். காற்று அடித்தால் அதற்கு நான் என்ன செய்வேன்? காற்று வேகத்தைப் பார்த்து நிறுத்தச் சொல்லும் உரிமை என் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நிறுத்தினால் சம்பளத்தில் வெட்டினால், பிள்ளைகள் இருக்கும் எந்த ஒப்பரேட்டர் நேரத்துக்கு நிறுத்துவான்?

படிவத்தின் மொழியைப் பற்றியும் கேட்கவேண்டும். பணித்தளத்தில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள். தமிழ் இந்த நாட்டில் அரச கரும மொழியாகி மூன்று தசாப்தங்களுக்கு மேலாகிறது. என்னால் வாசிக்க முடியாத தாளில் என் கையெழுத்தைக் கேட்பது சரிதானா?

கோபத்தில் கோரிக்கையை விட்டு விலகிப் போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். காற்று நாள் சம்பளத்தைப் பிறகு பேசலாம். முதலில் இரண்டாவது ஆள்.

இந்த வேலையை நான் வெறுக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் மேகம் இல்லாவிட்டால், முதல் சுமை ஏறுவதற்கு முன் கிழக்கே சிவனொளிபாதமலையின் கூம்பு தெரியும். துறைமுகமும் தாமரைக் கோபுரமும் என் முதுகுப் பக்கம் இருக்கும், நான் மலைப் பக்கம்தான் திரும்பி உட்காருவேன். அந்த மலையின் அடிவாரத்தில் என் வீடு. அந்த நேரத்தில் என் மகள் பாடசாலைக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு குண்டூசியை நிமிர்த்தி வைப்பதுபோல் மூன்று தொன் தூணை அதன் இடத்தில் வைக்க என்னால் முடியும். கால் தேறியதும் திரும்பவும் ஏறத்தான் போகிறேன், வேலை தருவீர்களானால்.

ஆகவே தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கட்டடத்துக்கு விலைமனு எழுதும்போது, கிரேன் என்ற வரிக்குக் கீழே ஒப்பரேட்டர் இருவர் என்று எழுதுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தளங்களில், ஸ்லாப் போடும் நாட்களிலாவது உடனே இன்னொருவரை வையுங்கள்.

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் இந்தக் கிழமை திருப்பி அனுப்புகிறேன். தமிழில் ஒன்று அனுப்புங்கள். அதில் ஒப்பரேட்டர் கொக்கி மாட்டவில்லை என்று எழுதுங்கள். காலை 6.40 முதல் இரவு 7.50 வரை அவரை இறக்கவில்லை, இறங்கக் கேட்டும் மாற்று ஆள் இருக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட்டு, ஆபீசுக்கு நானே ஊன்றுகோலோடு நடந்துபோய்த் தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டவர் கிரேன் ஒப்பரேட்டர்,
மஸ்கெலியா.